பெப்தைட்டை ஒழுங்காக உடைப்பது எப்படி? வன்னி ஆய்வுகூட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூலக்கூறுகளை அயனாக்கித் திணிவை அளக்கும் திணிவு நிறமாலைமானியில், அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியான பெப்தைட்டைப் போட்டு முதன்முதலாக நிறமாலையைப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, தாய் அயன், அதாவது உடையாத முழுப் பெப்தைட்டு, நெடும்பனையாக அசையாமல் நிற்கும், துண்டு அயன்கள் அதன் அடியில் புல்லாகக் கிடக்கும். மற்றது, தாய் அயன் இருந்த இடமே தெரியாது, 86, 110, 120 என்று கீழ்க்கரையில் மட்டும் சிறு துண்டுகள் குவிந்திருக்கும். இரண்டிலும் பெப்தைட்டின் வரிசையை வாசிக்க முடியாது. உடனே கை போவது, அயனை வாயுவுடன் மோதவிட்டு உடைக்கும் மோதல் ஆற்றலைக் கூட்டிக் குறைக்கத்தான். ஆனால் அந்தத் திருகு கடைசியில் தொட வேண்டியது. பெப்தைட்டு நன்றாக உடையுமா இல்லையா என்பதில் பெரும்பங்கு, மாதிரி கருவிக்குள் போகுமுன்பே, ரியூபுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது.

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ படித்துக்கொண்டு, புரத ஆய்வைப் புதிதாகத் தொடங்குபவர்களை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. கருவி கொழும்பில் இருக்கலாம், வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இருக்கலாம். மாதிரியை ஆயத்தம் செய்வதும், கருவி இயக்குபவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருப்பதும் உங்கள் பொறுப்பு.

எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது

பெப்தைட்டுப் பிணைப்பில் சங்கிலி உடைந்து, ஏற்றம் நைதரசன் முனைத் துண்டில் தங்கினால் அது பி அயன். காபன் முனைத் துண்டில் தங்கினால் வை அயன். ரோப்ஸ்ரோர்ஃப், ஃபோல்மன் இருவரும் 1984 இல் முன்வைத்த பெயர்முறை இது. இன்றைக்கும் எல்லா மென்பொருளும் இதன் வழியில்தான் நிற்கின்றன.

உடைப்பைத் தொடக்கி வைப்பது புரோத்தன். அயனாகும்போது புரோத்தன் முதலில் நைதரசன் முனையிலும், லைசின், ஆர்ஜினின், ஹிஸ்ரிடின் ஆகியவற்றின் பக்கச்சங்கிலிகளிலும் போய் இருக்கும். வாயு மூலக்கூறுகளுடன் மோதி அயன் சூடேறியதும் அது இடம்பெயர்ந்து, பெப்தைட்டின் முதுகெலும்பான பிரதான சங்கிலியின் வழியே ஓடும். எந்தப் பிணைப்பில் உள்ள நைதரசனில் அது போய் ஏறுகிறதோ அந்தப் பிணைப்பு நலிந்து உடையும். இரணைமடுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டால் வழியில் உள்ள பள்ளம் நிரம்பிய பிறகுதான் கடைசி வயலுக்குப் போகும் அல்லவா? ஆர்ஜினின் அப்படியான ஒரு பள்ளம். புரோத்தனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இலேசில் விடாது.

ஆகவே எண்ண வேண்டியது இதுதான்: அயனின் ஏற்றம் எத்தனை, அதில் ஆர்ஜினின் எத்தனை. திரிப்சின் என்ற நொதி வெட்டிய பெப்தைட்டு 2+ ஆக வந்து, முனையில் ஓர் ஆர்ஜினின் மட்டும் இருந்தால், ஒரு புரோத்தன் அங்கே தங்கும், மற்றது ஓடித் திரியும். அது நன்றாக உடையும். அதே பெப்தைட்டு 1+ ஆக வந்தால் ஓடுவதற்குப் புரோத்தன் மிச்சமில்லை. எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் அஸ்பாட்டிக் அமிலத்துக்கு அடுத்த பிணைப்பு போன்ற ஓரிரண்டு இடங்களில் மட்டுமே முறியும். இந்தக் கணக்கைப் போடாமல் ஆற்றலைத் திருகிக்கொண்டிருப்பது நேரத்தையும் மாதிரியையும் வீணாக்கும் வேலை.

பழகுவதற்கு நல்ல மாதிரி: பசுப்பால்

விலைகூடிய நியமப் பொருளில் கைபழகத் தேவையில்லை. பசுப்பாலில் உள்ள ஆல்பா-எஸ்1 கேசீனைத் திரிப்சின் வெட்டும்போது வரும் ஒரு பெப்தைட்டு பயிற்சிக்கென்றே அமைந்தது போன்றது. அதன் வரிசை: பினைல்அலனின், பினைல்அலனின், வலின், அலனின், புரோலின், பினைல்அலனின், புரோலின், குளூற்றமிக் அமிலம், வலின், பினைல்அலனின், கிளைசின், லைசின். மொத்தம் 12. இதன் 2+ அயன் திணிவு-ஏற்ற விகிதம், அதாவது எம்/இசட், 692.87 இல் வரும். உணவில் பால் கலந்திருக்கிறதா என்று ஒவ்வாமைச் சோதனை செய்யும் ஆய்வுகூடங்களும் இதே பெப்தைட்டைத்தான் தேடுகின்றன. இன்னொரு வசதி: ஆல்பா-எஸ்1, பீற்றா கேசீன்கள் இரண்டிலும் சிஸ்ரீன் இல்லை. தாழ்த்தல், அல்கைலேற்றம் என்ற இரண்டு படிகளையும் இந்தப் பயிற்சியில் விட்டுவிடலாம்.

1. காய்ச்சாத பால் 1 மில்லிலீற்றரை 4 பாகை செல்சியசில், 3,000 ஈர்ப்பு மடங்கில், 10 நிமிடம் சென்ரிபியூஜில் சுற்றுங்கள். மேலே ஆடைபோலக் கொழுப்பு திரளும். பைப்பெற் நுனியை அதனூடாக இறக்கி, கீழே உள்ள பாலை மட்டும் எடுங்கள். கொழுப்பு வந்தால் பின்னால் பெப்தைட்டுகளைப் பிரிக்கும் கொலத்தை அடைக்கும்.

2. அமோனியம் இருகாபனேற்று 40 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் தூய நீரில் கரைத்தால் ஏறத்தாழ 50 மில்லிமோலர் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்குச் செய்யுங்கள். எங்கள் பக்கத்து வெயிலில் திறந்து கிடக்கும் போத்தலில் இது அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பறந்து கொண்டிருக்கும், பி.எச். நிலையாக நிற்காது.

3. பால் 10 மைக்ரோலீற்றருடன் இந்தக் கரைசல் 90 மைக்ரோலீற்றர் சேருங்கள். பாலில் 100 மில்லிலீற்றருக்கு 3.3 கிராம் அளவில் புரதம் உண்டு என்று கொண்டால், ஐதாக்கியதில் மைக்ரோலீற்றருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராம். அதில் 30 மைக்ரோலீற்றர், அதாவது ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் புரதம், வேறு ரியூபில் எடுத்து மேலும் 70 மைக்ரோலீற்றர் கரைசல் விடுங்கள்.

4. திரிப்சின் 2 மைக்ரோகிராம். புரதத்துக்கு 50 இல் ஒரு பங்கு. 37 பாகையில் 12 முதல் 16 மணித்தியாலம். மேசையில் வைத்தாலே 35 பாகை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இரவில் இறங்கிவிடும், ஒருநாள் போல ஒருநாள் இராது.

5. போமிக் அமிலம் சேர்த்து 1 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். இருகாபனேற்று நுரைத்துப் பொங்கும், மூடியை உடனே அழுத்தி மூட வேண்டாம். பி.எச். தாளில் ஒரு சொட்டு தொட்டுப் பாருங்கள், 3 அளவில் இருக்க வேண்டும். கலங்கினால் அது வெட்டுப்படாத கேசீன். 10,000 ஈர்ப்பு மடங்கில் 10 நிமிடம் சுற்றி மேல்தெளிவை எடுங்கள்.

6. உப்பு நீக்கல். பெப்தைட்டைப் பிடித்துவைத்து உப்பை விட்டுவிடும், 5 மைக்ரோகிராம் தாங்கும் சி18 நுனியை 50 சதவீத அசற்றோநைத்திரைலில் நனைத்து, 0.1 சதவீதப் போமிக் அமிலத்தால் இரண்டு முறை கழுவுங்கள். மாதிரி 5 மைக்ரோலீற்றரை அதே அமிலம் 20 மைக்ரோலீற்றரில் கலந்து, பத்து முறை மெதுவாக இழுத்து விடுங்கள். மூன்று முறை 0.1 சதவீத அமிலத்தால் கழுவி, 60 சதவீத அசற்றோநைத்திரைலும் 0.1 சதவீதப் போமிக் அமிலமும் கொண்ட கரைசல் 15 மைக்ரோலீற்றரில் இறக்குங்கள். நனைத்த பிறகு நுனி இடையில் காய்ந்தால் பெப்தைட்டு பிடிக்காது. அப்படி நடந்தால் நனைப்பதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

7. வெற்றிடச் சென்ரிபியூஜில் உலர்த்துங்கள், சூடாக்கியைப் போட வேண்டாம். கருவியடிக்குப் போன பிறகு 2 சதவீத அசற்றோநைத்திரைல், 0.1 சதவீதப் போமிக் அமிலக் கரைசல் 25 மைக்ரோலீற்றரில் கரைத்து, நனோ கொலத்தில் 1 மைக்ரோலீற்றர் ஏற்றினால் போதும்.

வவுனியாவிலிருந்து கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். கரைசலாகக் கொண்டுபோனால் ரியூபின் சுவரில் ஒட்டும், மெதியோனின் ஒட்சியேறும். உலர்ந்த நிலையில், புரதம் ஒட்டாத ரியூபில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் பொதி வைத்து இரவு பஸ்ஸில் கொண்டுபோனால் மாதிரிக்குச் சேதம் வராது.

தண்ணீரும் வெயிலும்

வன்னியில் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் அடியைத் தட்டிப் பாருங்கள். வெள்ளையாக, ஓடு ஓடாகப் பெயரும் படிவு கல்சியம் காபனேற்று. அந்தத் தண்ணீரில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்திலும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. உடைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நேரடியான தொடர்பு உண்டு. ஒரு புரோத்தனின் இடத்தில் சோடியம் ஏறினால் திணிவு 21.98 கூடும், பொற்றாசியம் என்றால் 37.96. இரண்டு புரோத்தன்களின் இடத்தைக் கல்சியம் பிடித்தால் 37.95. 2+ அயனில் இவை முறையே ஏறத்தாழ 10.99, 18.98, 18.97 தள்ளி உச்சியாகத் தெரியும். பொற்றாசியத்தையும் கல்சியத்தையும் பிரித்தறிய உயர்ந்த பிரிதிறன் வேண்டும்.

உலோக அயன் புரோத்தனைப் போல ஓடாது. ஒட்சிசன்களுக்கு நடுவில் கட்டிப்போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். ஏற்றம் 2+ என்று எழுதியிருந்தாலும் உடைக்கும் வேலைக்கு உதவும் புரோத்தன் அதில் குறைவு அல்லது இல்லை. அப்படிப்பட்ட அயனை எந்த ஆற்றலில் மோதினாலும் பி, வை வரிசை ஒழுங்காக வராது. ஆகவே கடைசிக் கழுவல் எப்போதும் போத்தலில் வரும் உயர்தூய நீரில்தான். ஆய்வுகூடத்தில் காய்ச்சி வடித்த நீர் கூட, வடிகலனில் படிவு கட்டியிருந்தால் நம்பத்தக்கதல்ல. கரைசல்களைக் கண்ணாடியில் சேமிப்பதைவிட நல்ல பிளாஸ்ரிக்கில் வைத்தால் சோடியம் குறையும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் அண்டவே கூடாது. அதிலுள்ள பொலிஎதிலீன் கிளைக்கோல் 44.03 இடைவெளியில் ஏணிபோல உச்சிகளாக வந்து பெப்தைட்டை மூடிவிடும்.

வெயிலின் கேடு யூரியாவில் தெரியும். உழுந்து, பயறு, கௌபி போன்றவற்றின் விதைப் புரதத்தைக் கரைக்க 8 மோலர் யூரியா எடுப்பீர்கள். யூரியாக் கரைசல் தானாகவே சிறிதளவு சயனேற்றாக மாறும், வெப்பம் கூடக் கூட விரைவாக மாறும். அது நைதரசன் முனையிலும் லைசினிலும் ஒட்டி 43.01 திணிவைக் கூட்டும். புரோத்தன் ஏறும் முக்கிய இடங்கள் அந்த இரண்டும்தான். அவை அடைபட்டால் ஏற்றமும் குறையும், லைசினில் திரிப்சினும் வெட்டாது. நீண்டு போன, ஏற்றம் குறைந்த, உடைய மறுக்கும் பெப்தைட்டுத்தான் மிச்சம். யூரியாவை அன்றே கரைத்து, 30 பாகைக்கு மேல் போகாமல் பார்த்து, திரிப்சின் போடுமுன் 1 மோலருக்குக் கீழே ஐதாக்குங்கள்.

சிஸ்ரீன் உள்ள புரதத்தில் தாழ்த்தலுக்கு டி.ரி.ரி. 5 மில்லிமோலர் 30 நிமிடம், பிறகு அல்கைலேற்றத்துக்கு அயடோஅசற்றமைட்டு 15 மில்லிமோலர் இருட்டில் 30 நிமிடம். யூரியா இல்லாத கரைசலில் டி.ரி.ரி. படியை 56 பாகையில் செய்யலாம், யூரியா இருந்தால் அறை வெப்பநிலையிலேயே செய்யுங்கள். அயடோஅசற்றமைட்டைக் கூட்டினாலோ நேரம் நீண்டாலோ அது நைதரசன் முனையிலும் ஏறும். கூடும் திணிவு 57.02, கிளைசினின் திணிவும் அதுவே. இல்லாத கிளைசினை வரிசையில் தேடி அலைய வைக்கும் பிழை இது.

தெளிப்பில் பார்க்க வேண்டியவை

கொலத்துக்கு ரைபுளோரோஅசற்றிக் அமிலம் நல்லது, கரைசலைத் தூவி அயனாக்கும் தெளிப்புக்குக் கெட்டது. புரோத்தன் ஏறிய பெப்தைட்டுடன் சோடி சேர்ந்து ஏற்றத்தை அமுக்கிவிடும். ஓடும் கரைசலில் 0.1 சதவீதப் போமிக் அமிலமே போதும்.

அயன்மூலத்தின் கூம்பு வோல்ற்றளவு கூடினால் பெப்தைட்டு தெரிவு செய்யப்படுமுன்பே உடையும். இதைக் கண்டுபிடிப்பது இலகு: முழு நிறமாலையில், மோதல் எதுவும் கொடுக்காமலே, 920.49 தெரிகிறதா என்று பாருங்கள். அது நம் பெப்தைட்டின் துண்டு. 692.87 உடன் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால் உடைப்பு மூலத்திலேயே நடக்கிறது. வோல்ற்றளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.

தெரிவுச் சாளரம், அயன் எண்ணிக்கை, வாயு

தாய் அயனைப் பிரித்தெடுக்கும் சாளரம் 1.4 முதல் 2 வரை வைத்தால் பெரும்பாலான வேலைக்குச் சரி. 0.4 ஆகக் குறைத்தால் 692.87 இன் ஒற்றைச் சமதானி உச்சி மட்டும் உள்ளே வரும், பாதிக்கும் மேற்பட்ட அயன்கள் வெளியே நின்றுவிடும். 4 ஆக அகட்டினால் பக்கத்துப் பெப்தைட்டும் கூட நுழையும். இரண்டு பெப்தைட்டுகளின் துண்டுகள் கலந்த நிறமாலையை எந்த ஆற்றலாலும் திருத்த முடியாது.

ஓர்பிட்ராப் எனும் உயர் பிரிதிறன் வகைக் கருவியில், துண்டுகளை அளக்கும் இரண்டாம் நிலைக்கு 1,00,000 அயன் இலக்கும், சேகரிக்க 50 முதல் 100 மில்லிசெக்கனும் நல்ல தொடக்கம். துண்டுகள் புல்லாகத் தெரிவதற்குப் பல வேளைகளில் காரணம் உடையாமை அல்ல, உடைக்க அயன் போதாமை. ஒவ்வொரு நிறமாலையிலும் சேகரித்த நேரம் பதிவாகியிருக்கும். அது எப்போதும் உச்சவரம்பிலேயே நின்றால் மாதிரி குறைவு அல்லது தெளிப்பு மோசம்.

மோதல் வாயு எது என்பதும் பெரிய விடயம். மோதலில் உள்ளாற்றலாக மாறக்கூடிய பங்கு, வாயுத் திணிவை வாயுவும் அயனும் சேர்ந்த திணிவால் வகுத்தால் வரும். 1,500 டால்ற்றன் பெப்தைட்டு 60 இலத்திரன் வோல்ற்று இயக்க ஆற்றலுடன் மோதினால், ஒரு மோதலுக்குக் கிடைக்கக்கூடியது ஹீலியத்தில் 0.16, நைதரசனில் 1.1, ஆகனில் 1.56 இலத்திரன் வோல்ற்று. ஒரு கருவியின் ஆற்றல் எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப்போட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாயு அமுக்கம் குறைந்தால் மோதல் போதாமல் தாய் அயன் நிற்கும். கூடினால் அயன்கள் சிதறித் தொலையும்.

ஆற்றல் வளைகோடு

இப்போதுதான் திருகில் கை வைக்கலாம். ஓர்பிட்ராப் கருவிகளில், தனி மோதல் அறையில் உடைக்கும் எச்.சி.டி. முறைக்கு என்.சி.ஈ. என்ற இயல்பாக்கிய எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை எம்/இசட்டால் பெருக்கி, 500 ஆல் வகுத்து, ஏற்றக் காரணியால் பெருக்கினால் கருவி கொடுக்கும் ஆற்றல் வரும். காரணி 1+ இற்கு 1, 2+ இற்கு 0.9, 3+ இற்கு 0.85, 4+ இற்கு 0.8. நம் பெப்தைட்டுக்கு 27 என்று வைத்தால்: 27 × 692.87 ÷ 500 × 0.9 = ஏறத்தாழ 33.7. கருவி ஏற்றத்தைப் பிழையாக வாசித்தால் ஆற்றலும் பிழைக்கும் என்பதைக் கவனியுங்கள். கியூ-ரொஃப் (பறப்பு நேரத்தால் திணிவை அளப்பது), மூன்று குவாட்றபோல் போன்ற வேறு வகைக் கருவிகளில் எம்/இசட்டுடன் நேர்கோடாக ஏறும் சூத்திரம் இருக்கும். அதன் சாய்வும் வெட்டும் கருவிக்குக் கருவி வேறு, 2+ இற்கும் 3+ இற்கும் வேறு.

பயிற்சிக்கு 692.87 ஐ மட்டும் குறிவைத்து, 15, 18, 21, 24, 27, 30, 33, 36 என்ற எட்டு எண்களிலும் மாறி மாறி எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 60 மில்லிசெக்கன் அளவில் முடிந்தால் ஒரு சுற்று அரைச் செக்கன். கொலத்திலிருந்து 20 செக்கன் உச்சியாக வெளியேறும் பெப்தைட்டுக்கு 40 சுற்று கிடைக்கும். ஒரே ஓட்டத்தில் முழு வளைகோடும் கையில்.

ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்றைக் குறியுங்கள். மிஞ்சிய தாய் அயனின் பங்கு, அதாவது தாய் அயனைத் தாயும் துண்டுகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தது. கண்டுபிடிக்கக்கூடிய பி, வை அயன்களின் எண்ணிக்கை. எல்லா அயன்களினதும் மொத்தச் செறிவு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் மிகவும் பயன்படும். ஒரே சேகரிப்பு நேரத்தில், ஆற்றல் கூடும்போது தாய் அயன் குறைந்து துண்டுகள் அதே அளவுக்கு ஏறினால் உடைப்பு நடக்கிறது. தாய் அயனும் குறைந்து, துண்டுகளும் ஏறாமல், மொத்தம் பாதிக்குக் கீழே போனால் துண்டுகள் எங்கோ தொலைகின்றன. வாசிப்பு வீச்சின் கீழெல்லைக்குக் கீழே போயிருக்கலாம், மோதல் அறையின் ரேடியோ அலை வோல்ற்றளவு பொருந்தாமல் இருக்கலாம், மோதல் அறை அழுக்காகி ஏற்றம் பிடித்திருக்கலாம். உடைதிறன் வேறு, உடைந்ததைச் சேர்த்தெடுக்கும் திறன் வேறு.

தாய் அயன் 5 முதல் 10 சதவீதம் மிஞ்சும் புள்ளியே நல்லது என்பது எங்கள் கருத்து. முழுதாக அழித்தால் நீண்ட வை அயன்களும் கூடவே அழியத் தொடங்கியிருக்கும். திரிப்சின் வெட்டிய 2+ பெப்தைட்டுகளுக்கு இது பெரும்பாலும் 25 முதல் 30 இற்குள் விழும்.

ஒரு நிறமாலையைக் கிட்டப் போய்ப் பார்ப்பது

நல்ல ஆற்றலில் எடுத்த 692.87 இன் நிறமாலையை வலமிருந்து வாசியுங்கள். 1090.59, 991.52, 920.49, 823.43, 676.37, 579.31, 450.27, 351.20, 204.13, 147.11. இவை வை10 இலிருந்து வை1 வரை. இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள்: 99.07 வலின், 71.04 அலனின், 97.05 புரோலின், 147.07 பினைல்அலனின். வரிசை தானாகப் பேசும்.

இதில் 920.49 மற்ற எல்லாவற்றையும் விட ஓங்கி நிற்கும். காரணம் புரோலின். அதற்கு முன்னால் உள்ள பிணைப்பு மற்றவற்றைவிட இலகுவில் முறியும், 920.49 புரோலினில் தொடங்கும் துண்டு. 676.37 உம் அப்படியே. 920.49 உச்சி மிக உயரும் ஆற்றலைத்தான் சிறந்தது என்று தேர்ந்தால் பிழை. அளவறியும் வேலைக்கு அது சரி, வரிசை வாசிப்பதற்கு ஏணியின் படிகள் எல்லாம் தெரிய வேண்டும். இடப்பக்கத்தில் 295.14 பி2. அதிலிருந்து 28 குறைந்து 267.15 இல் ஏ2. 120.08 பினைல்அலனினின் இம்மோனியம் அயன், அதாவது அந்த ஓர் அமினோ அமிலத்திலிருந்து வரும் சிறு துண்டு. ஆற்றலைக் கூட்டக் கூட 295 இறங்கும், 267 ஏறும், பிறகு இரண்டும் இறங்கி 120 மட்டும் உயரும். 120.08 நிறமாலையின் முதலுச்சி ஆகிவிட்டதென்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

அயன்களை அடைத்துவைத்து உடைக்கும் அயன்பொறியில், சி.ஐ.டி. என்ற மோதல் முறையில் எடுத்தால் 147.11 தெரியாது. அது உடையாமை அல்ல. பொறி அயனை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைக் குறிக்கும் கியூ மதிப்பு வழமையான 0.25 இல் இருந்தால், தாய் அயனின் எம்/இசட்டில் ஏறத்தாழ 27.5 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை பொறியில் நிற்பதில்லை. 692.87 இற்கு அந்தக் கரை 191. 147 உம் 120 உம் அதற்குக் கீழே.

சொன்னபடி கேளாத பெப்தைட்டுகள்

பாலிலேயே இன்னொரு பெப்தைட்டு உண்டு. பீற்றா கேசீனிலிருந்து வரும், சேரினில் பொசுபேற்று ஏறிய இதன் 2+ அயன் 1031.42. அயன்பொறி சி.ஐ.டி. இல் இது பொசுபோரிக் அமிலத்தை, திணிவு 98 ஐ, உதறிவிட்டு 982.43 இல் ஒற்றை உச்சியாக நிற்கும். ஆற்றல் முழுவதும் அந்த மெலிந்த பிணைப்பிலேயே செலவாகி, முதுகெலும்பு முறிய மிச்சமில்லாமல் போகிறது. எச்.சி.டி. இல் 25, 30, 35 என்று மூன்று ஆற்றல்களில் உடைத்து ஒரே நிறமாலையாகச் சேர்க்கும் படிமுறை ஆற்றல் இங்கே நன்றாக உதவும்.

ஏற்றம் 3+ அல்லது அதற்கு மேல் என்றால் ஈ.ரி.டி. முறையைக் கேட்கலாம். இலத்திரனைக் கொடுத்து வேறு பிணைப்பில், சீ, இசட் அயன்களாக உடைக்கும். பொசுபேற்று விழாது. 2+ இற்கு அது பெரும்பாலும் ஏமாற்றும், புரோலினுக்கு முன்னால் உடைக்கவும் மாட்டாது. புரோலின் நிறைந்த கேசீனுக்கு அதை முதல் தெரிவாக எடுக்க வேண்டாம்.

1+ ஆகவே வந்துகொண்டிருக்கும் குறும் பெப்தைட்டுகளுக்கு ஆற்றலைக் கூட்டுவதைவிட வெட்டும் நொதியை மாற்றுவது பயன் தரும். நீண்ட பெப்தைட்டும் கூடிய ஏற்றமும் தரும் லைஸ்-சி அப்படியான ஒன்று.

கரண்ட், வாயு, அறை

கரண்ட் நின்று வந்த கருவியில் உடனே மாதிரி ஓட்டச் சம்மதிக்காதீர்கள். வெற்றிடம் மீண்டும் இறங்கி நிலைபெற ஓரிரவாவது வேண்டும். பிறகு திணிவு அளவீட்டைச் சரிசெய்து, நியமப் பெப்தைட்டு ஒன்றை உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பல ஆய்வுகூடங்கள் குளூ-ஃபிப்ரினோபெப்தைட்டு பி வைத்திருக்கும். 2+ அயன் 785.84, வை அயன்கள் 175.12, 246.16, 333.19, 480.26, 627.32, 684.35, 813.39, 942.43, 1056.47, 1171.50, 1285.54. இந்த ஏணி முழுதாக வந்தால் கருவி சரி, குறை உங்கள் மாதிரியில். ஏணியே உடைந்து வந்தால் உங்கள் மாதிரியை வெளியே எடுத்துக் குளிரில் வையுங்கள்.

நைதரசனைக் காற்றிலிருந்து பிரிக்கும் இயந்திரம் இருந்தால் மாரி காலத்தில் அதன் ஈரவடிகட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஈரம் கலந்த வாயுவில் துண்டுகளுக்கு மேல் 18.01 கூடிய உச்சிகள் முளைக்கக்கூடும். கியூ-ரொஃப் உள்ள அறையில் குளிரூட்டி நின்று நின்று வேலை செய்தால் பறப்புக் குழாய் விரிந்து சுருங்கி, காலையில் சரியாக இருந்த திணிவு மத்தியானம் தள்ளி நிற்கும். அப்போது துண்டுகள் இருந்தும் மென்பொருள் அவற்றைத் துண்டு என்று ஏற்காது.

மென்பொருள் பக்கமும் ஒருமுறை பாருங்கள். ஓர்பிட்ராப்பில் வாசித்த துண்டுகளுக்குப் பொறுதி 0.02 டால்ற்றன், அயன்பொறியில் வாசித்தவற்றுக்கு 0.5. ஈ.ரி.டி. தரவைப் பி, வை என்று தேடவிட்டால் ஒன்றும் வராது.

மாதிரியுடன் அனுப்பும் தாளில் இவற்றை எழுதுங்கள்: புரத அளவு, நொதி, யூரியாவும் உப்பும் எவ்வளவு இருந்தன, எப்படி நீக்கினீர்கள், கடைசியாக எதில் உலர்த்தினீர்கள். கேட்க வேண்டியவற்றையும் அதே தாளில் எழுதுங்கள்: முறை எச்.சி.டி.யா சி.ஐ.டி.யா, சாளரம், அயன் இலக்கு, உச்சச் சேகரிப்பு நேரம், ஆற்றல் எண், மோதல் வாயு. தரவுக் கோப்புடன் இந்த ஆறும் திரும்பி வராவிட்டால், அடுத்த மாதிரியைக் கட்டுமுன் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.